நீர்நாய் குடித்த கஞ்சி

வகுப்பில் முதலாவதாக வந்ததற்குப் பரிசாக எனக்கு ஒரு மிருகக் கதைப் புத்தகம் தந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்து படித்த முதல் ஆள் நான். பாடப் புத்தகம் தவிர எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகமும் அதுதான். கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

அந்தக் கதைகளை இன்றும் வியக்கிறேன். காடு எப்படி இருந்தது என்று அவை அதிகம் சொல்வதில்லை. யார் என்ன தின்றார்கள் என்பதை மட்டும் விடாமல் சொல்கின்றன. நரி கெட்டது என்று எங்கும் எழுதியிருக்காது. விருந்தாளி கை கழுவப் போன நேரத்தில் அது பெரிய துண்டைத் தன் இலைக்கு மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்தது, மழையில் வழி தவறிய நீர்நாய்க் குட்டியின் கதை. அதன் ஊர், பெயர் எதையும் கேட்பதற்கு முன்பே கீரியம்மா அடுப்பில் மீனைச் சுடப் போட்டுவிடுவாள்.

அந்தச் சமயத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்ட பிறகும் அவன் எதையும் தின்ன மறுத்தான். கையும் காலும் குச்சியாகிவிட்டன. இப்படியே கிடந்தால் பிள்ளை தேறாது, பொடியரிசிக் கஞ்சி எப்படியாவது உள்ளே போக வேண்டும், மீன் மட்டும் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒருவாய் குடி மக்கா," என்று அம்மா கெஞ்சினாள்.

"எனக்கு வேண்டாம். சாள சுட்டுத் தா."

"வைத்தியரு மீனு கூடாதுன்னு சொல்லியாச்சுல்லா?"

"புஸ்தகத்துல நீர்நாய்க்குக் குடுத்தாவல்லா? எக்கா, நீ சொல்லு!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "புஸ்தகத்துல அப்படியா எழுதியிருக்கு?"

அச்சில் வந்ததெல்லாம் மெய் என்று அவள் நம்புவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். புத்தகத்தை விரித்து, பக்கத்தில் இல்லாததை வாசித்தேன்: 'நனைந்த குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. கீரியம்மா சூடாகக் கஞ்சி வைத்தாள். சுட்ட பப்படத்தை நொறுக்கி மேலே போட்டாள். குட்டி ஊதி ஊதிக் குடித்தது.'

தம்பி கையை நீட்டிப் படத்தைத் தொட்டான். "பொய்யி சொல்லாத. இதுல மீனுல்லா கெடக்கு?"

"அது தெம்பு வந்த பொறவுலே. கஞ்சி குடிக்காம ஆத்துல எறங்குனா ஒழுக்கு அடிச்சிட்டுப் போயிராதா?"

அவன் படத்திலிருந்து கையை எடுத்தான். "பப்படமா போட்டாவ?"

அம்மா அடுக்களைக்கு ஓடினாள். தணலில் பப்படம் சுடும் வாசனை வந்ததும் அவன் தானாகவே எழுந்து உட்கார்ந்தான். கரண்டிபோல் கோட்டிய பிலாவிலையால் கஞ்சியை அள்ளி, ஊதி ஊதிக் குடித்தான். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கமாகக் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"ஏட்டி, நாளைக்கி அந்தக் கீரியம்மகிட்ட சிறுபயறு போட்டு வைக்கச் சொல்லு. வீட்டுல பப்படம் தீந்துபோச்சு."