சம்பந்திக்குப் பிர்ரியா காய்ச்சக் கார்ஹிங் போனது

போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினைந்து லீற்றர் அலுமினியப் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டுட்கார்ட்டிலிருந்து கார்ஹிங் போனேன். மியூனிக்குக்கு வடக்கே இருக்கும் பல்கலைக்கழக ஊர் அது. என் மகள் தர்சினியும் அவள் கணவன் எமிலியோவும் அங்கே குடியிருக்கிறார்கள். எமிலியோ மெக்சிக்கோக்காரன். அவனுடைய தகப்பனார் ரமிரோ முதல் முறையாக ஜேர்மனிக்கு வந்திருந்தார். ஞாயிறு காலை அவருக்குத் திரும்பும் விமானம். அதற்குள் அவருக்கு என் கையால் ஒரு நேரச் சாப்பாடு போட்டாக வேண்டும். பயணத்தின் காரணம் அது மட்டும்தான். மலையும் அரண்மனையும் வேண்டியவர்கள் என் பழைய பதிவுகளைப் பார்க்கலாம்.

கலியாணம் மெக்சிக்கோவில், ஹலிஸ்கோ மாகாணத்தில் அவர்களுடைய ஊரில் நடந்தது. எனக்கு அப்போதுதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். மனைவியும் என்னைத் தனியே விட்டுப் போகவில்லை. பெற்ற மகளின் கலியாணத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தவன் நான். ரமிரோ அண்டா அண்டாவாக மாட்டிறைச்சி பிர்ரியா காய்ச்சி ஊரையே இருத்திச் சாப்பாடு போட்டார். பெண் வீட்டார் சார்பில் ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் கொடுக்கப்படவில்லை. சம்பந்தி அன்றுவரை எங்கள் பக்கத்தில் கை நனைக்கவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

பிர்ரியா என்பது காய்ந்த மிளகாய் அரைத்த குழம்பில் பெரிய இறைச்சித் துண்டுகளைப் போட்டு, மெல்லிய தீயில் நாலு மணி நேரம் வேகவிடும் சாப்பாடு. எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று விழ வேண்டும். அதை உதிர்த்து, சோள ரொட்டியோடு, வெங்காயமும் கொத்தமல்லியும் தேசிக்காயும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். குழம்பைக் கோப்பையில் வார்த்துக் குடிப்பார்கள். ஆட்டிலும் செய்யலாம், பழைய முறையே ஆடுதான் என்று சொல்கிறார்கள். நான் ஆடு சாப்பிடுவேன், மாடு சாப்பிடுவதில்லை. அப்படியிருக்க ஆட்டிலேயே காய்ச்சினால் என்ன என்று மனைவி கேட்டாள். அங்கே மாடு போட்டார்கள், இங்கே ஆடு போட்டால் பெண் வீட்டார் தங்களுக்கு வசதியானதைச் செய்தார்கள் என்று ஆகிவிடும் என்றேன்.

"அப்ப அங்கயே போய்க் காய்ச்சுங்கோ. எங்கட அடுப்பில மாடு ஏறாது" என்றாள். சரி என்று பானையைத் தூக்கினேன்.

சமையல் எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். சட்டி கழுவப் போனவன், மூன்றாம் வருடம் அடுப்புக்கு வந்தேன். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடிக்கவில்லை என்று கடைசிவரை உதவியாள் சம்பளம்தான் தந்தார்கள். அது வேறு கதை. வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி குலாஷ் கிளறினேன், ஒரு முறைகூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. வாசனையும் நிறமும் எனக்குப் போதும். ஒருவரும் குறை சொன்னதில்லை. பிர்ரியாவுக்கு வீடியோக்கள் பார்த்தேன். ஸ்பானிய மொழி தெரியாது. கையைப் பார்த்தாலே வேலை தெரியும்.

இனிப் பயணம். மாதம் அறுபத்து மூன்று யூரோ கொடுத்து எடுக்கும் டொய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் மேலதிகச் செலவில்லை. ஆனால் விரைவு ரயிலில் ஏற முடியாது. காலை ஆறு மணியளவில் ஸ்டுட்கார்ட்டில் ஏறி, உல்மில் மாறி, மியூனிக் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் சென்றது. ஏறத்தாழ இருநூற்று முப்பது கிலோமீற்றர். உல்மில் மேடை மாற வேண்டும், பெரிய சாமான் இருந்தால் லிஃப்டைத் தேடி வையுங்கள். பானைக்குள் மிளகாய், கராம்பு, கறுவா, நல்ல சீரகம், என்னுடைய இரும்புத் தாச்சி எல்லாம் வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டியிருந்தேன். டிக்கெட் பார்க்க வந்த பெண், உள்ளே மேளமா என்று கேட்டாள். சமையல் என்றேன். அந்த ரயிலில் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

மியூனிக் ரயில் நிலையத்திலிருந்து எஸ்-பான் நகர ரயிலில் மரியன்பிளாட்ஸ் போய், அங்கிருந்து யூ-6 நிலக்கீழ் ரயில் எடுக்க வேண்டும். எல்லா யூ-6 வண்டியும் கார்ஹிங் வரை போவதில்லை, சில வழியிலேயே நின்றுவிடும். முகப்பில் கார்ஹிங் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அரை மணிக்குக் குறைவான ஓட்டம். பெட்டி நிறைய மாணவர்கள். தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் பானையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கேட்டரிங் பண்றீங்களா? நம்பர் குடுங்க" என்றான். கேட்டரிங் இல்லை, சம்பந்தி விருந்து என்றேன். எழுந்து எனக்கு இடம் விட்டான்.

கார்ஹிங்கில் இறங்கி நேரே இறைச்சிக்கடைக்குப் போனேன். பைன்ஷைபெ என்று கேளுங்கள். எலும்போடு வட்டமாக அறுத்த மாட்டுக்கால். தடிப்பமாக வெட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சூப்புக்கு என்று நினைத்து மெல்லிதாக வெட்டித் தருவார்கள். அதில் இரண்டு கிலோ, தோள்பக்கம் ஒரு கிலோ வாங்கினேன். ஐம்பது யூரோவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது.

வீட்டில் தர்சினி மட்டும் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. எமிலியோ தகப்பனை இசார் ஆற்றங்கரைக்கு நடக்கக் கூட்டிப் போயிருந்தான். அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான். விருந்தாளி அடுப்படியில் நிற்கக் கூடாது.

முதல் வேலையாகக் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியைக் கழற்றச் சொன்னேன். பிறகு மிளகாயைத் தாச்சியில் போட்டேன். இது குவஹியோ, அஞ்சோ என்று இரண்டு வகை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு தென்னமெரிக்கக் கடையில் வாங்கியது. உறைப்புக் குறைவு, சதை கூட. எங்கள் கறித்தூளுக்கு மிளகாயை எப்படிக் கறுக்க வறுப்போமோ அப்படி வறுத்தேன். யாழ்ப்பாணத்துத் தூளின் நிறமும் மணமும் அந்த வறுவலில்தான் இருக்கிறது, அதில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது. தர்சினி இருமிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தாள். வறுத்ததை வெந்நீரில் ஊறவைத்து, தக்காளி, உள்ளி, வினாகிரி, சரக்குகளோடு அரைத்தேன். கூட்டு நல்ல கடும் நிறம். இறைச்சியில் ஊற்றி, தண்ணீர் விட்டு, பன்னிரண்டரை மணிக்கு அடுப்பை மெல்லத் தணித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தர்சினி கரண்டியோடு வந்தாள். ஒருக்கா வாயில் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். விருந்தாளிக்கு முதல் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது என்று கரண்டியை வாங்கி வைத்தேன்.

மூன்று மணிக்கு ரமிரோ வந்தார். எழுபது வயதிருக்கும், மாடு வளர்க்கிறவர், என்னைவிட ஒரு சாண் உயரம். கட்டிப்பிடித்தார். நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையின் மூடியைத் திறந்தார். இன்னொருவன் சமைக்கிற பானையின் மூடியைத் திறப்பது எந்த நாட்டுப் பழக்கமோ தெரியாது. குனிந்து மணந்தார். முகம் மாறவில்லை, ஆனால் நிமிரவும் இல்லை. பிறகு எமிலியோவிடம் ஏதோ கேட்டார். ருசி பார்க்கலாமா என்று கேட்கிறார் என்றான். விருந்தாளியே கேட்கும்போது மறுக்க முடியாது. உள்ளங்கையை நீட்டச் சொல்லி ஒரு அகப்பைக் குழம்பில் கொஞ்சம் விட்டேன். நக்கிப் பார்த்தார். எமிலியோவிடம் ஒரு சொல் சொன்னார். எமிலியோ கூரையைப் பார்த்தான். தர்சினிதான் என்னிடம் சொன்னாள்.

"கைக்குதாம் அப்பா."

மிளகாய்க்குழம்பு பால்சோறு மாதிரியா இருக்கும் என்று கேட்டேன். அவளும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். போய்த் தண்ணீர் குடித்தாள். எங்கள் செத்தல் மிளகாய் அந்த வறுவலைத் தாங்கும். இந்தச் சதைப்பற்றான மிளகாய் தாங்காது, கருகிக் கசந்துவிடும். எந்த வீடியோவிலும் கசப்பு தெரியாது.

ரமிரோ உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். தன் ஊர் மிளகாய். இறைச்சியை எடுத்துக் கழுவிவிட்டு இதை அரைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று கையால் காட்டினார். நான் கையை நீட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டு மிளகாயில் பெண் வீட்டார் விருந்து வைப்பதா? அதற்கு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு மணி நேரம் வெந்தால் சரியாகிவிடும் என்றேன். சரியாகாது என்று எனக்கும் தெரியும். ரமிரோ பையைப் பிடித்தபடி நின்றார். அவரும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

தர்சினி பானைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "கலியாணத்தில நீங்கள் இல்லையெண்டு அங்க ஒருத்தரும் குறை சொல்லேல்லை. ஒரு வருஷமா நீங்கள்தான் சொல்லிக்கொண்டு திரியிறியள். இண்டைக்கு இந்தாள் சாப்பிடாமப் போனா, அதுதான் குறை" என்றாள்.

அவள் மாமனாரின் கையிலிருந்து பையை வாங்கினாள்.

"இது வந்த அண்டைக்கே எனக்கெண்டு தந்தது. என்ர மிளகாய். உங்கட மகள் தாறன், பிடியுங்கோ."

யோசித்தேன். கொடுத்துவிட்ட பொருள் கொடுத்தவருடையது அல்ல. மகளுடைய மிளகாய் பெண் வீட்டு மிளகாய்தான். இதில் யாரும் ஓட்டை காண முடியாது. வாங்கிக்கொண்டேன்.

இறைச்சியை வெந்நீரில் அலசினேன். பானையைத் தேய்த்தேன். தாச்சியை மெல்லச் சூடாக்கி மிளகாயைப் போட்டேன். ரமிரோ ஒரு கதிரையை இழுத்து அருகில் இருந்தார். அகப்பையை மட்டும் தொடக் கூடாது என்று எமிலியோ மூலம் சொல்லிவைத்தேன். தொடவில்லை. மிளகாயின் நிறம் கொஞ்சம் மாறி மணம் எழும்பியதும் கையை உயர்த்துவார், நான் எடுத்துவிடுவேன். எண்ணிப் பத்து விநாடிகூட இராது. அரைத்ததை வடித்து ஊற்றியபோது செங்கல் நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு முறை உள்ளங்கையை நீட்டினார், நானும் விட்டேன். உப்பு, புளிப்பு எல்லாம் தலையசைப்பில் முடிந்தது. ஐந்து மணிக்கு வைக்க இருந்த விருந்து ஏழரை ஆனது.

மேசையில் எல்லாருக்கும் பரிமாறினேன். ரமிரோ கரண்டியைத் தொடாமல் என் கோப்பையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. எமிலியோ விளக்கினான்: மாமா மாடு சாப்பிடுவதில்லை. ரமிரோ நீளமாக ஏதோ சொன்னார். சமைத்தவர் சாப்பிடாத மேசையில் தான் சாப்பிட்டதில்லையாம். விருந்தாளி சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். மாட்டை வாயில் வைக்கச் சொன்னால் இன்றே ஸ்டுட்கார்ட் போய்விடுவேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய், எமிலியோ வைத்திருந்த கறுப்புப் போஞ்சி விதையைச் சூடாக்கி, வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்து, இரண்டு சோள ரொட்டியில் மடித்து என் கோப்பையில் வைத்தார். மறுபடியும் மாப்பிள்ளை வீட்டார் கை முந்திவிட்டது. ஆனால் வைத்த சாப்பாட்டைத் தள்ளவும் முடியாது.

இப்போது இருவர் முன்னாலும் சாப்பாடு இருந்தது. அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் ஒண்டா வையுங்கோ, நான் எண்ணுறன்" என்றாள் தர்சினி. ஐன்ஸ், ஸ்வை, டிரை என்று எண்ணினாள். ஒன்றாக வாயில் வைத்தோம்.

அவர் மூன்று கோப்பை சாப்பிட்டார். கடைசி ரொட்டியால் கோப்பையைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். எமிலியோ மொழிபெயர்க்கத் தயங்கினான். சொல்லு என்றேன். இறைச்சி நன்றாக வெந்திருக்கிறதாம், உப்புத்தான் கொஞ்சம் குறைவாம்.

தர்சினி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்நியன் என்றால் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பியிருப்பான். பெண் வீட்டுச் சாப்பாட்டில் குறை பிடிக்கிறவர் சம்பந்தி ஒருவர்தான். அவருடைய தோளில் தட்டினேன். அவரும் என் தோளில் தட்டினார், கொஞ்சம் பலமாக.

இதே வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு: மிளகாயை நிறம் மாறும் மட்டும் வறுத்தால் போதும், கறித்தூள் என்று நினைக்காதீர்கள். தேவைக்கு இரண்டு மடங்கு மிளகாய் கொண்டுபோங்கள். மிளகாய் ஊறவைத்த தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். நீங்கள் மாடு சாப்பிடாதவர் என்றால் ருசி பார்க்க ஆளை முதலிலேயே பிடித்துவையுங்கள், விருந்தாளியே ஆனாலும் பரவாயில்லை. இறைச்சியைச் சிறிதாக வெட்டாதீர்கள். திரும்பும் ரயிலைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் யாரும் உங்களைப் போக விடமாட்டார்கள். மூன்று கிலோ இறைச்சிக்கு நான் போட்டது மூன்று மேசைக்கரண்டி கல்லுப்பு. அது போதுமான உப்பு.