பவுடர் பூசிய கதவு

இசக்கிசெல்விக்குக் கார்க் கதவில் ரப்பர் மாட்டுகிற வேலை. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கதவின் ஓரத்தைச் சுற்றி இருக்குமே, அந்த ரப்பர். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். கம்பெனிக்குப் பக்கத்து வடக்குப்பட்டில் ஆறு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். 2012-இல் எங்கள் லைனுக்கு வந்தாள். லைனின் சூப்பர்வைசர் கன்னியப்பன் நான்தான். வாய்த்துடுக்கு அவளுக்கு, முன்கோபம் எனக்கு.

கம்பெனி கொரியாக்காரர்களுடையது. வரைபடமும் அங்கிருந்துதான் வரும். அதில் ஒரு கோட்டை மாற்றக்கூடக் கடல் தாண்டிக் கேட்க வேண்டும். அவர்கள் ஊர்க் குளிருக்கு வரைந்த கதவோரப் பள்ளத்தில், நம் சித்திரை வெயிலில் உப்பிய ரப்பர் உட்காருமா? முரண்டு பிடிக்கும். அதற்கு லைன் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம் முகப்பவுடர். ரப்பரில் லேசாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். ஆக, ரிப்போர்ட்டில் எங்கள் லைனுக்குக் குறையே கிடையாது. பெரிய ஆட்கள் வந்தால் பவுடர் டப்பாக்களை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவோம். நல்ல பெயர் முக்கியமில்லையா?

அந்தக் கோடையில், இங்கேயே ஓர் ஆராய்ச்சி அறை திறக்கத் தேவை உண்டா என்று பார்க்கத் தலைமை ஆபீஸ் எஞ்சினியர் வந்தார். திறந்தால் லைனிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்கள். இசக்கிசெல்வி அதற்காகத் தவம் கிடந்தாள்.

"டப்பாவை உள்ள போடும்மா. அவரு வந்துகினு கீறாரு" என்றேன்.

"ஒளிச்சு வச்சா, இங்க ஒரு குறையும் இல்ல, ஆராய்ச்சி எதுக்குன்னு போயிருவாவ சார்."

"இன்னா, வாய் நீளுது? காட்டினா உன் வேலை, என் வேலை ரெண்டும் பூடும்!"

அவள் டப்பாவை உள்ளே வைக்கவில்லை. எஞ்சினியர் பக்கத்தில் வந்து நின்றதும், டப்பாவைத் திறந்து, அவர் கண்ணெதிரே ரப்பருக்குப் பவுடர் பூசி மாட்டினாள். அவர் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். அப்புறம் பவுடர் இல்லாமல் தானே மாட்டப் பார்த்தார். கால் மணி நேரம் வியர்க்க வியர்க்கப் போராடியும் ரப்பர் மசியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னைக் கேட்டார்.

"நாலு வருஷமா சார்" என்றேன். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

யார் வேலையும் போகவில்லை. ஆறே மாதத்தில் அறை திறந்தது, இசக்கிசெல்வியையும் எடுத்தார்கள். முதல் காரியமாகப் பள்ளத்தை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தினார்கள். புது வரைபடத்தில் கொரியாக்காரர் பெயர்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் அதைச் சட்டை செய்யவே இல்லை. அந்த வாரமே நோட்டும் பேனாவுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், வேற என்னல்லாம் ஒளிச்சு வச்சிருக்கீய?"

வெட்கமாகத்தான் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொல்லியும் முடியவில்லை.