ஃபேக்ஸ் பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு

சாத்தான்குளத்திலிருந்து திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்குத் துணி வெட்டும் கட்டிங் வேலைக்கு வந்தவர் ஜெபக்குமார். ஒருநாள் கழன்று கிடந்த கம்ப்யூட்டர் வயரைச் சொருகிவிட்டார். செய்த பாவம் அவ்வளவுதான். அன்றிலிருந்து கம்பெனிக்கு அவர்தான் இன்ஜினியர்.

முதலாளி மோகன்ராஜ், செலவு மிச்சம் என்று பழைய டெலிபோன் லைனை வெட்டிவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறினார். ஜப்பான்காரர் ஃபேக்ஸில்தான் ஆர்டரை உறுதி செய்வார் என்பது வெட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஃபேக்ஸ் மெஷினை இன்டர்நெட்டோடு சேர்க்க ஓர் அடாப்டர் பெட்டி வேண்டும்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா நீங்களும் கெளம்பீருங்க ஜெபக்குமாரு" என்றார் முதலாளி. கொங்கு நாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

திருப்பூரில் ஒரு வேலையை ஒரே ஆள் முடித்தால் தெய்வக் குற்றம். நெய்ய ஒருத்தர், சாயம் போட ஒருத்தர், தைக்க ஒருத்தர் என்று எல்லாமே வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க். முதலாளி ஃபேக்ஸ் வேலையையும் அப்படியே மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். அனுப்பிய ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றது. பெட்டி விற்றவர் லைனைக் குறை சொன்னார், லைன்காரர் மெஷினைச் சொன்னார், மெஷின்காரர் பெட்டியைச் சொன்னார். எப்போது சரியாகும் என்று கேட்டால் மட்டும் மூவரும் ஒரே குரலில், "நாளைக்குக் கண்டிப்பாங்க."

வேலைக்கே ஆபத்து என்பதால் ஜெபக்குமார் தானே உட்கார்ந்தார். மலிவென்று முதலாளி வாங்கிய பெட்டி பேச்சுக்கு மட்டுமே லாயக்கு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறை தெரிந்த பெட்டியாகப் பார்த்து வாங்கினார். அதன் செட்டிங்கில் ஒலியைச் சுருக்குவதையும் பேச்சில்லாத இடத்தை வெட்டுவதையும் நிறுத்தி, வேகத்தைக் குறைத்தார். முழுப் பக்கமும் போனது. ஆர்டரும் வந்தது.

முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "அதான் ஓடுதுங்களே, இனி எதுக்குங்க மாசச் சம்பளம்? ரிப்பேர் வந்தா கூப்புடறனுங்க. ஜாப் ஒர்க்கா வெச்சுக்கலாம்."

நன்றி என்றால் இதுவல்லவா நன்றி! பக்கத்து மேஜையில் பில் போடும் எனக்கே பொறுக்கவில்லை. ஜெபக்குமார் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி தம் கையாலேயே பெட்டியைத் துடைத்து, பொட்டு வைக்க வாகாக இருந்த ரீசெட் பொத்தான் மேல் சந்தனத்தைப் பக்தியோடு அழுத்தினார். செட்டிங் மொத்தமும் அழிந்தது. மறுநாள் ஜப்பானுக்குப் பாதிப் பக்கம்கூடப் போகவில்லை.

முதலாளி செல்போனை எடுத்தார். "ஏனுங்க ஜெபக்குமாரு, உடனே வாங்க சாமி, அடுத்த ஆர்டர் நிக்குதுங்க!"

"அதுக்கென்ன சார்" என்றார் ஜெபக்குமார். "நாளைக்குக் கண்டிப்பா."