அவளுடைய அம்மா என்னிடம் கேட்டவை

விருதுநகரில் நான் படித்த கல்லூரியின் விடுதியைத் தீபாவளிக்கு மூடியபோது, போக இடமில்லாமல் நின்றவர்கள் இரண்டு பேர். நான் காப்பகத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயது முடிந்ததும் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். இன்னொருத்தி என் அறைத்தோழி. எம். புதுப்பட்டி என்ற கிராமத்தில் அவளுக்கு அம்மா, அப்பா இரண்டு பேரும் இருந்தார்கள். தாய்மாமனைக் கட்டிக்கொள்ள மறுத்துப் படிக்க வந்ததால், இனி அவளோடு யாரும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். யாரும் பேசவில்லை.

வார்டன்தான் முதல்வரிடம் சொல்லி எங்களைத் தங்கவைத்தார். "நானும் இங்கனதான் இருக்கப் போறேன். மூணு பேருக்குமாச் சேத்து உலை வச்சுக்கிடுவோம்" என்றார்.

மறுநாள் தோழி கேட்டாள், "எங்கம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில இன்னும் லீவு விட்டுருக்க மாட்டாக. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவோமா?"

பஸ் ஏறினோம். சாயங்காலம் பட்டாசு கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்தில், டீக்கடை ஓரமாக நின்றோம். இறங்கியவர்களில் அவள் அம்மா யாரென்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே நெற்றி, அதே நடை. எங்களைப் பார்த்ததும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, கூட வந்த பெண்களைப் போகவிட்டார். பிறகு நேராக என்னிடம் வந்தார். மகள் பக்கம் திரும்பவில்லை.

"காலேசுல படிக்கியா தாயி?"

"ஆமாம்மா."

"சோறு நல்லாப் போடுறாகளா? தலைக்கு எண்ணெ வைக்கியா? ஏன் இம்புட்டு மெலிஞ்சு கெடக்க?"

நான் மெலிந்தவள் அல்ல. பக்கத்தில் நின்றவளைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன்.

"காய்ச்சல் வந்தா யாரு பாக்கா?"

"வார்டன் பாத்துக்கிடுவாகம்மா. நானும் இருக்கேன்."

என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டாசு மருந்துத் தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டார்.

திரும்பி வரும்போது தோழி அழுதுகொண்டே கேட்டாள், "கை எப்படி இருந்துச்சு?"

"சொரசொரன்னு. வெதுவெதுன்னு இருந்துச்சு."

அதுவரை அப்படி யாரும் என்னைத் தொட்டதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பா வெளியே போன நேரம் பார்த்து அம்மா எனக்குப் போன் செய்வார். ஸ்பீக்கரில் போடுவேன். அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். போன் வர நேரமானால் அவளைவிட நான்தான் தவித்துப்போவேன்.

படிப்பு முடிந்து அவளுக்கு வேலை கிடைத்ததும் அப்பா இறங்கிவந்தார். அம்மா அவளிடமே பேசத் தொடங்கினார். எனக்குப் போன் வருவது நின்றது. நிற்கத்தானே வேண்டும்?

போன தீபாவளிக்கு என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மகளை ஒட்டி உட்கார்ந்து, அவள் முகத்தைத் தடவித் தடவி எல்லாம் விசாரித்தார் அம்மா. என் பக்கம் திரும்பி, "கூச்சப்படாமச் சாப்பிடு தாயி" என்றார், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.