அற்புதம் அக்கா தேடிய கீபோர்ட்

காதைக் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரேயொரு விசையை மெல்ல அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கீபோர்ட்டை அப்படி வாங்குகிற ஆளை, முல்லைத்தீவில் கணினிச் சாமான் கடை போட்ட இந்த ஒன்பது வருடத்தில் அன்றுதான் கண்டேன். “இது தொண்டை கட்டின சத்தம் தம்பி. மற்றதை எடுங்கோ” என்று அடுத்த பெட்டியைக் கண்ணால் காட்டினார் அற்புதம் அக்கா.

வயது நாற்பத்தொன்பது. மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலை வலை நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். கணவர் இராயப்பு கடலுக்குப் போகிறவர். அக்கா வீட்டிலிருந்தபடியே, காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசுக்கு உறுதிகள் அடித்துக் கொடுக்கிறார். விசைகளின் மேல் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினி முறையில் எந்தத் தமிழ் எழுத்து எதற்குள் இருக்கிறது என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும். தன்னைக் கேட்டால் தெரியாது என்பார். “நீங்கள் கேட்டால் நான் வெறுங்கையால அடிச்சுப் பார்த்துத்தான் சொல்லவேணும்” என்று காற்றில் பத்து விரலையும் ஆட்டிக் காட்டுவார்.

“பழசுக்கு என்ன நடந்தது அக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“உப்புக் காத்துத் தம்பி. எழுத்தெல்லாம் இறுகுது எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். நேற்று நான் பூசைக்குப் போன நேரம், மனிசன் அதைக் கிணத்தடிக்குக் கொண்டுபோய் ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காயவைச்சு, எண்ணெயும் பூசிப்போட்டார்.”

“எண்ணெயோ!”

“ஓம். கடலால வந்தவுடன எஞ்சினுக்கு அப்பிடித்தானே செய்யிறவர். இனிப் பத்து வருசத்துக்கு ஒண்டும் செய்யாது எண்டும் சொன்னார்.”

கழுவியதைக்கூட நான் மன்னிப்பேன். நன்றாகக் காயவைத்தால் சில கீபோர்ட்டுகள் பிழைத்துவிடும். எண்ணெய்! அதுவும் அன்போடு, ஒரு விசை விடாமல்! அக்காவோ கணவரை ஒரு வார்த்தை ஏசவில்லையாம். “ஆசையாச் செய்த மனிசனை என்னெண்டு ஏசுறது?” என்று சிரித்துவிட்டு, மூன்றாவது பெட்டியைத் தானே பிரித்தார்.

இவை மெக்கானிக்கல் கீபோர்ட்டுகள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிச் இருக்கும். நீல சுவிச் ஒவ்வொரு அடிக்கும் ‘டிக்’ என்று ஊரைக் கூட்டும். சிவப்பு, தொட்டால் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும்; விளையாடுகிற பெடியன்கள் அதைத்தான் கேட்பார்கள். மண்ணிறம் இரண்டுக்கும் நடுவில்: சத்தம் குறைவு, ஆனால் எழுத்து விழுந்ததை விரலுக்குச் சொல்லும். நான் இதை விளக்கி முடிக்கும் முன்பே அக்கா சிவப்பில் உறுதியின் முதல் வரியை அடித்துவிட்டார். ‘இதனால் சகலரும் அறிய வேண்டியது யாதெனில்.’ திரையில் இரண்டு எழுத்து இரட்டித்து விழுந்திருந்தது. “விரல் சும்மா கிடந்தாலும் அடிக்குது. உறுதியில இப்பிடி விழுந்தா நொத்தாரிசு ஐயா தாளைக் கிழிச்செறிவார்” என்று அதைத் தள்ளிவைத்தார். நீலத்தை இரண்டு வரியோடு விட்டார். “இதை அடிச்சா, ராவில கடலுக்குப் போற மனிசன் பகலில நித்திரை கொள்ளேலாது.”

“அப்ப மண்ணிறம்தான் அக்கா. உறுதி அடிக்க அது திறம்.”

“உறுதிக்குச் சரி. ஓடிக்கொண்டு சுடுறதுக்கும் வாய்க்குமோ?”

மகனுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். மகன் துசியந்தன் பிரான்சில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “ஆர் அக்கா சுடுறது?”

“நான்தான்” என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மாதா கோயிலில் முன்வரிசை வாங்கில் உட்காருகிற பெண்! நாலு பேர் ஒரு அணியாக இறங்கி மற்ற அணிகளைச் சுட்டுத் தீர்க்கிற அந்த விளையாட்டை இரண்டு வருடமாக விளையாடுகிறாராம். தொடங்கும் முன் சிலுவை அடையாளம் போடுவாராம். அணியில் அவருடைய பெயர் ‘சூடை’. “சின்ன மீன்தானே தம்பி, ஒருத்தரும் தேடமாட்டாங்கள்.” தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆளைச் சுடமாட்டார். “அண்டைக்கு மருந்துப் பெட்டி மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால ஓடுவன். பெடியள் ஏசுவாங்கள்தான்.” என்ன கோதாரி இது! எனக்குச் சிரிப்பதா தலையில் கை வைப்பதா என்று தெரியவில்லை.

“ஏன் அக்கா இந்த வயசில உங்களுக்கு உந்த வேலை?”

அவர் விசைகளைத் தடவினார். பிறகு சொன்னது இதுதான். துசி பள்ளிக்கூட உயர்தரச் சோதனை எடுக்க மூன்று வாரம் இருந்தது. எந்த நேரமும் விளையாட்டு. ஒருநாள் அக்காவுக்கு விசர் பிடித்தது. “அவன் கருவாட்டு வாடியில வேலை செய்து, ஒரு வருசமாச் சேர்த்து வாங்கின கீபோர்ட் தம்பி. அடுப்புக்க வைச்சிட்டன். பிளாஸ்ரிக் மணம் ரெண்டு நாள் குசினியை விட்டுப் போகேல்ல. அவன் ஒரு சொல்லும் சொல்லேல்ல. எரியிறதைப் பார்த்துக்கொண்டு நிண்டான்.” சோதனையும் எடுத்தான், பாஸ் பண்ணினான், சித்தப்பாவிடம் பிரான்சுக்கும் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு கதைப்பான். தகப்பன் போனைத் தாயிடம் கொடுத்தால் லைன் வெட்டுப்படும். மூன்று வருடம்.

வீட்டில் இருந்த பழைய கணினிக்குள் மகன் விளையாடுகிற பெயர் இருந்தது. அக்கா விளையாட்டைப் பழகி, அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, நண்பராகச் சேரக் கேட்டு, மகனுடைய அணியிலேயே நாலாவது ஆளாகப் புகுந்துவிட்டார்! அவன் கதைப்பான், இவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டுமென்றால் பெடியன்கள் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் ‘ஓம் மச்சான்’ என்று அடிப்பார். வாய் தவறிவிடும் என்று பயந்து, வீட்டு ஹெட்செட்டில் இருந்த மைக்கைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்திருக்கிறார்.

“என்னை ‘விசரா, கண் பொட்டையாடா’ எண்டெல்லாம் ஏசுவான் தம்பி” என்று சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு பெருமை.

“சொல்லிவிடலாம்தானே அக்கா?”

“தெரிஞ்சா எழும்பிப் போயிடுவான். பிறகு இந்தக் குரலுக்கு நான் எங்க போறது?”

அன்று பின்னேரம் ஆறரைக்கு ஒரு போட்டி. மகன் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானச் சனம் போய்முடிகிற ஓய்வு நேரம் அது. சூடை வராவிட்டால் வேறொருவனை அணிக்குள் எடுத்துவிடுவோம் என்று பெடியன்கள் சொல்லிவிட்டார்களாம். மணி ஆறு இருபது. சிலாவத்தையில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேர நேரமில்லை. “இஞ்சையே போட்டுப் பாக்கட்டோ? வாங்கிறதையும் சோதிச்சமாதிரி இருக்கும்” என்று கேட்டபோது, அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பெடியன்களுக்குக் காட்டுவதற்காக அந்த விளையாட்டு கடைக் கணினியிலும் இருந்தது; மண்ணிற சுவிச் கீபோர்ட்டைச் செருகிக் கொடுத்தேன், அக்கா தன் பெயரில் உள்ளே போனார். அக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

ஸ்பீக்கரில் துசியின் குரல் வந்தது. “டேய் சூடை, எங்கையடா நிக்கிறாய்? வலப்பக்கத்தைப் பாரடா, விசரா!” அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விரல்களோ! உறுதி அடிக்கும்போது நிதானமாக இறங்கி ஏறிய அதே விரல்கள் இப்போது தாவின. வீட்டுக் கூரையில் இருந்த ஒருவனை அவர் விழுத்தினார். “பரவாயில்லையடா சூடை” என்றான் மகன். அக்காவின் காது சிவந்துபோனது. கீபோர்ட் அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

துசியின் ஆள் வெட்டவெளியால் ஓடினான். அவனுக்குப் பின்னால் மதிலோரம் ஒருத்தன் துவக்கை நீட்டுவது எங்கள் திரையில் தெரிந்தது. எழுதி அறிவிக்க நேரமில்லை.

“ஐயோ துசி, குனியடா! பின்னாலயடா, என்ர பிள்ளை!”

வெடிச்சத்தம். துசியின் ஆள் நிலத்தில் விழுந்தான். “ஆரடா அது, பொம்பிளைக் குரல்?” என்றான் அணியில் இன்னொருவன். அப்போதுதான் திரையின் மேல் இருந்த கமராவைப் பார்த்தேன். காலையில் ஒருவருக்குக் காட்டிவிட்டுக் கழற்றாமல் விட்டது. அதற்குள் மைக் இருக்கிறது! பாவி நான், இரண்டு வருட இரகசியத்தை என் கடையில் வைத்துக் கெடுத்துவிட்டேன். வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். திரை மறைகிறது என்று அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

விழுந்தவனை எழுப்பலாம். பக்கத்தில் போய் அசையாமல் இருந்து, ஒரு விசையை எட்டு விநாடி விடாமல் அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் முதலிலிருந்து. சுடுகிறவன் இன்னும் மதிலோரம்தான் நின்றான். அக்கா அந்த வெட்டவெளிக்குள் ஓடி, மகனருகில் குந்தி, விசையை அழுத்தினார். ஸ்பீக்கரில், மகன் வேலை செய்கிற கடைக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. எட்டு விநாடியும் முடிந்தது.

“அம்மா” என்றான் துசி. “இதில நிக்காதேங்கோ. சுடுவாங்கள். எனக்குப் பின்னால ஓடி வாங்கோ.”

அவனுடைய ஆள் எழும்பி, நாலடி ஓடி, திரும்பி நின்றான். அற்புதம் அக்கா அந்த விசையிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை.