இது கருவேலாகுமா?

அத்தாச்சி மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும், என் மேசையில் விரித்துக் கிடந்த காகிதங்களின் மேல் ஒரு பழக்கொத்து வந்து விழுந்தது. குங்குமச் சிவப்பில், சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று இருந்தன பழங்கள். சில உருண்டோடி நாற்காலிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. வந்தவர் உட்காரவுமில்லை, நலம் கேட்கவுமில்லை. "ஏ புள்ள, இது கருவேலாகுமா, ஆகாதா? நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காகப் பூசி மெழுகாத" என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பும் வியர்வையும் முகத்தில் இருந்தன. சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. இன்றைக்கும் அந்தச் சிவப்பை எங்கே பார்த்தாலும் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது.

களைகளை ஆராய்கிற அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளியிலிருந்து வரும் செடி நம் மண்ணில் அடங்கி இருக்குமா, அவிழ்த்துவிட்ட மாடாகத் திரியுமா என்று பார்த்துச் சொல்வது அதில் ஒரு பகுதி. எங்கள் சொந்தத்தில் யாரும் இதை ஒரு வேலையாக மதித்ததில்லை. புல் பிடுங்குவதற்கா இவ்வளவு படித்தாய் என்று கல்யாண வீடுகளில் கேட்டுச் சிரிப்பார்கள். என்னைத் தேடி வருகிறவர்களோ பெரும்பாலும் தங்கள் செடி நல்ல செடி என்று என் வாயால் சொல்லவைக்க வருகிறவர்கள். கெட்டதாக இருந்தாலும் சொல் என்று வந்து நின்ற முதல் ஆள் அத்தாச்சிதான்.

அத்தாச்சி என் அத்தையின் மூத்த மகள். அவர் ஏன் அப்படி வந்து நின்றார் என்பதற்கு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலிக்கும் விறகுக்கும் நல்லது என்று அரசாங்கமே சீமைக்கருவேல் விதையைக் கொடுத்த காலத்தில், எங்கள் ஊரில் அதை முதலில் வாங்கி வரப்பில் ஊன்றியவர் என் மாமா. கந்தர்வக்கோட்டைப் பக்கம் மழையை நம்பிய பூமி. அடுப்பெரிக்கச் சுள்ளிக்கு அலைந்த சனங்கள், மரம் வளர்ந்ததும் மாமாவைக் கொண்டாடினார்கள். அவரிடம் நெற்று கேட்டு வாங்கிப் போகாத வீடு இல்லை. பிறகு ஆடுகள் நெற்றைத் தின்று போன இடமெல்லாம் புழுக்கை போட்டு, புழுக்கை விழுந்த இடமெல்லாம் முள் முளைத்து, கண்மாய்க்குள்ளேயே காடாகிவிட்டது. வாங்கிப் போனவர்கள் வாங்கியதை மறந்துபோனார்கள். கொடுத்தவரை மட்டும் யாரும் மறக்கவில்லை. மாமாவின் வீடு 'கருவேலங்காட்டு வீடு' ஆனது. அவர் கொல்லைக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்துக்கும் கண்டக்டர்கள் அதே பெயரை வைத்துவிட்டார்கள். மாமா சாகும்வரை கண்மாய்க்கரைப் பக்கம் போகமாட்டார். அத்தாச்சியோ பஸ்ஸில் வந்தால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்து வருவார். கேட்டால், நடந்தால் சுகருக்கு நல்லது என்பார். அவருக்குச் சுகர் கிடையாது.

மாமாவுக்குப் பிறகு அந்தக் கொல்லையில் முள்ளை வேரோடு எடுத்து, நர்சரி போட்டவர் அத்தாச்சி. வீட்டுக்காரர் ஆவூர்க்காரர், சிங்கப்பூரில் வேலை. இவர் இங்கே செம்பருத்தி, குரோட்டன்ஸ், கொய்யா, எலுமிச்சை என்று ஆரம்பித்து, ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த ஒரு பாம் கன்றில் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரே தூரில் கொத்துக் கொத்தாகத் தண்டு விட்டு, மூங்கில் போல நின்று, மேலே பச்சை விசிறியை விரிக்கிற மரம். வாங்கியவற்றில் சிலதை விற்காமல் கிணற்றடியில் நட்டு வளர்த்தார். அவை காய்த்துப் பழுத்தபோது ஊரே நின்று பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் அந்தோணியாருக்கு அவர் நேர்ந்துகொண்டிருந்தார். அதனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல் பழக்கொத்துகள் சப்பரத்துக்குப் போயின. சிவப்புக் கொத்துகள் தொங்க, விளக்கு எரிய, சப்பரம் தெருவில் அசைந்து வரும்போது அத்தாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடம்வரை இரண்டு பக்கமும் இதே மரத்தை வைக்கவேண்டும் என்று கேட்டு வந்தார். நர்சரி தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. அதே வாரம் கிணற்றடியைக் கூட்டப் போன அத்தாச்சி, தாய் மரத்துக்குக் கீழே கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாகக் குட்டிக் கன்றுகள் முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் இலவசமாகக் கன்று கிடைத்தது என்று பிடுங்கி, விற்பனைக்கு மண் பாக்கெட்டில் நட்டு வைத்திருப்பார்கள். அத்தாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மண்டபத்துக்காரரிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பழக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். "எங்கப்பா பேரு கெட்டது போதும் புள்ள. நானும் ஒரு காட்ட உண்டாக்கிட்டுப் போனேன்னு சொல்லக்கூடாது" என்றபோது அவர் குரல் உடைந்தது. நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு செடியைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அதன் ஜாதகத்தையே கேட்க வேண்டும். எத்தனை சீக்கிரம் காய்க்கும், விதை எவ்வளவு நாள் உயிரோடு கிடக்கும், யார் தின்பார்கள், தின்று எங்கே போடுவார்கள், வெட்டினால் திரும்பத் துளிர்க்குமா, ஆடு கடிக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஊருக்குப் போனேன். விடியலில் கிணற்றடியில் ஸ்டூல் போட்டு, பறவைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கொண்டைக்குருவி வந்தது, மைனா வந்தது, குயில் வந்தது. டீயோடு வரும் அத்தாச்சி அவற்றைப் பார்த்ததும் தோளில் கிடக்கும் துண்டை வீசி, "சூ, அங்கிட்டுப் போ" என்று விரட்டுவார். "வெரட்டாதீங்க அத்தாச்சி. அதுக திங்கிதான்னு பாக்கத்தான் நான் வந்துருக்கேன்" என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் கை நிற்காது. குற்றவாளிக்குச் சாட்சியே இல்லாமல் செய்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

பழுத்த விதைகளைச் செம்மண் பொட்டலிலும், முந்திரிக்காட்டுச் சருகுக்குள்ளும், கிணற்றடி நிழலிலும் ஊன்றி வைத்தேன். கிணற்றடியில் முளைத்தவை நன்றாக வந்தன. முந்திரிக்காட்டில் ஓரிரண்டு தலைகாட்டி, சித்திரை வெயிலில் கருகின. பொட்டலில் ஒன்றுகூட எழும்பவில்லை. இந்த மரத்துக்குத் தண்ணீரும் நிழலும் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். கருவேல் அப்படியில்லை. அது எதையும் கேட்காமல் வளர்ந்த பிள்ளை. இதையெல்லாம் சொன்னதும் அத்தாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். உடனே மண்டபத்துக்காரருக்குப் போன் போடப் போனவரை நான்தான் நிறுத்தினேன். ஊரில் தண்ணீரும் நிழலும் சேர்ந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். "நல்ல வார்த்த சொல்லி வாய் மூடல, அதுக்குள்ள இழுக்குறியே" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கியவரும் அவர்தான்.

வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். ஒரு பாம் கன்றுகூட எங்குமே இல்லை. அத்தாச்சி தெம்பாகப் பேசிக்கொண்டே வந்தார். கண்மாயில் மிகுந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலிங்குக்குப் பக்கத்தில், கரையில் ஒரு பழைய மருதமரம் நிற்கிறது. கசிவு நிற்காத இடம். வெயில் உள்ளே விழாது. அதன் அடியில்தான் அவற்றைப் பார்த்தோம். முழங்கால் உயரத்தில், இடுக்கு விடாமல், பாம் கன்றுகள் நின்றன. வேறு எதற்கும் அங்கே இடமில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. பறவை போட்டதென்றால் வழியெங்கும் ஒன்றிரண்டு இருக்கவேண்டும். ஓரிடத்தில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல ஏன் இருக்கிறது? வௌவாலாக இருக்குமோ என்று நான் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தாச்சி குனிந்து ஒரு கன்றைப் பிடித்து இழுத்தார். வேரோடு சேர்ந்து ஒரு துருப்பிடித்த கம்பி வந்தது. கம்பியில் ஜிகினாத் தாள் சுற்றியிருந்தது. சப்பரத்தில் பழக்கொத்துகளைக் கட்டுகிற அதே கம்பி. எங்கள் ஊரில் சாமிக்குச் சாத்தியதைக் குப்பையில் போடமாட்டோம், காலில் மிதிபடவும் விடமாட்டோம். திருவிழா முடிந்ததும் மாலை, தோரணம் எல்லாவற்றையும் கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிடுவோம். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கலிங்குப் பக்கம் ஒதுக்கும். வருடா வருடம் அத்தாச்சியின் நேர்த்திக்கடன் பழமாகப் போய், அங்கே விதையாக ஒதுங்கியிருக்கிறது. பறவைகளை அத்தனை நாள் உட்கார்ந்து வேவு பார்த்தேன். சப்பரத்துக்குப் பின்னால் நானும்தான் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அத்தாச்சி கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா வேலிக்குப் போட்டாரு. நான் சாமிக்குப் போட்டேன். ரெண்டும் கம்மாய்க்குத்தான் வந்துருக்கு" என்றார். கிணற்றடி மரங்களை இன்றே வெட்டி எரிக்கிறேன் என்று எழுந்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. இந்த மரம் தானாக நடந்து வரவில்லை, நாம் தூக்கிக்கொண்டு வந்த இடத்துக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்றேன். கன்றுகள் சின்னதாக இருக்கின்றன. பிடுங்கினால் வேரோடு வருகின்றன. காய் பச்சையாக இருக்கும்போதே கொத்தை அறுத்துவிட்டால் விதை முற்றாது, முளைக்காது. தண்ணீர் ஓரத்தில் வைக்கிறவர்களுக்கு மட்டும் விற்க வேண்டாம். அத்தாச்சி என் கையை விடாமல் கண்மாயைப் பார்த்தார். "எங்கப்பா காலத்துல இப்புடிக் கையப் புடிச்சுச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சே" என்றார். நான் அழுதுவிட்டேன். படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் ஓர் அர்த்தம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கன்றுகளைப் பிடுங்கப் போனால், அதற்குள் விஷயத்தைக் கேள்விப்பட்ட கோயில் தெரு அக்காமார்கள் வந்து மறித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு கன்றுக்கு மஞ்சள் கயிறுகூடக் கட்டியிருந்தார்கள். "அந்தோணியாருக்குச் சாத்துனது மொளைச்சு நிக்கிது, அதப் போயிப் புடுங்குறீங்களே" என்று கேட்டார்கள். நான் விதை, பரவல், கண்மாய் என்று பாடம் நடத்த வாயெடுத்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அத்தாச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி குடுத்த கன்ன இப்புடிச் சேத்துக்குள்ளயா விட்டு வைக்கிறது? ஆளுக்கு ஒண்ணு வீட்டு வாசல்ல வச்சுக் கும்புடுங்க. காய் பழுக்க விட்டா மட்டும் சாமி குத்தமாயிரும். நானே வந்து அறுத்துத் தாரேன்" என்றார். மதியத்துக்குள் மருதமரத்தடி காலியாகிவிட்டது. என் வேலைக்குரிய முறையில் பார்த்தால் சந்தேகப்பட்ட செடியை ஊரெல்லாம் கொடுப்பது தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய காரியம். வீடு திரும்புகிற வழியெல்லாம் முணுமுணுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "வெத விழுந்தாலும் மொளைக்க வாசல்ல தண்ணி ஏது புள்ள, நிழல் ஏது? நீதான சொன்ன" என்று சிரித்தார்.

சொன்னபடியே செய்கிறார் என்பதுதான் இதில் எனக்கு நிறைவு. மண்டபத்துக்காரருக்கு விற்ற மரங்கள் இப்போது ஆளுயரம் தாண்டி நிற்கின்றன. அவை காய்க்கும்போது அத்தாச்சி தொரட்டியோடு பஸ் ஏறிப் போய், பச்சையாகவே அறுத்துவிட்டு வருகிறார். தெருவில் காய் விட்ட வீடுகளிலும் அப்படித்தான். எந்த வீட்டிலாவது ஒரு கொத்து சிவக்க ஆரம்பித்தால் அந்த வீட்டுக்காரர் அத்தாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மருதமரத்தடியில் பிறகும் கொஞ்சம் முளைத்தன; மழை முடிந்ததும் போய்ப் பார்த்துப் பிடுங்கிவிடுகிறோம். இப்போது சப்பரத்தில் பச்சைக் கொத்துகள்தான் தொங்குகின்றன. சிவப்புதான் எடுப்பாக இருந்தது என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும், அத்தாச்சியிடம் சொல்வதில்லை.

இந்த வருடம் திருவிழாவுக்கு முன்னால் மண்டபத்தில் அறுத்த கொத்துகளோடு அவரும் நானும் பஸ்ஸில் வந்தோம். உட்கார்ந்ததும் மஞ்சள் பையை என் மடியில் வைத்து, "பாத்துச் சொல்லு" என்றார். ஒரு காயை நகத்தால் கீறினேன். உள்ளே விதை இறுகாமல் நீர்விட்டுக் கிடந்தது. முளைக்காது அத்தாச்சி என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தார். அவர் வழக்கமாக இறங்கும் நிறுத்தம் வந்தது. நான் எழுந்தேன், அவர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் கண்டக்டர் விசில் கொடுத்து, "கருவேலங்காடெல்லாம் எறங்கு" என்று கத்தினார். "இருப்பா, தொரட்டி இருக்கு, பையப் பைய எறங்குறோம்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் அப்பா பெயர் கெட்ட அந்த இடத்தில் அத்தாச்சி இறங்கினார்.