ஒன்பதாம் வீட்டின் முறை

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஜப்பானில் தொயாமா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் மூன்றாம் குடியிருப்புக் குழுவில் கதையே வேறு. இங்கே ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டிருக்கும். பதினொரு வீட்டில் பத்து வீடு, தலை போகிற விஷயமானாலும் வாயைத் திறக்காது. மிச்சமுள்ள ஒன்பதாம் வீட்டில் ராட்கா இருக்கிறாள். பத்து வீடு பேசாததையும் சேர்த்து அவளே பேசித் தீர்த்துவிடுவாள்.

ராட்கா பல்கேரியாக்காரி, ஐம்பத்திரண்டு வயது. அவள் பிறந்த ஊருக்கு மருந்துப் பொட்டலம் கட்டும் இயந்திரம் பொருத்தப் போன கிமிஹிரோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் வேலை. துடுப்பு நீளக் கரண்டியால் தினம் அறுநூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டுவதால் தோள் இரண்டும் திரண்டு நிற்கும். பல்கேரியா என்று சொன்னதுமே இந்த நாட்டில் எல்லோரும் "ஓ, தயிர்!" என்பார்கள். அவளுக்குத் தயிர் என்றாலே ஆகாது. முதல் இரண்டு வருடம் சிரித்துச் சமாளித்தாள். அப்புறம், "எங்க நாட்டுல ஆஸ்பத்திரி, ரயிலு, கல்லறை எல்லாம்கூட இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஜப்பானிய சமுதாயத்தைப் பற்றி அவளிடம் இல்லாத கருத்து கிடையாது. வேலைக்காரர்கள் லீவு எடுக்காததைப் பற்றி: "தும்மல் வந்தாக்கூட ஆபீஸ்ல மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் தும்மறீங்க." தனியாகக் கிடக்கும் வயசானவர்களைப் பற்றி: "பக்கத்து வீட்டுப் பெரியவர் உயிரோட இருக்காரான்னு பேப்பர் போடறவன் வந்து சொல்லணுமா? கதவைத் தட்டினா கை தேஞ்சிடுமா?" குடியிருப்புச் சங்கத்தைப் பற்றி: "தலைவர் ஆம்பள, துணைத் தலைவர் ஆம்பள, டீ போட மட்டும் பொம்பள." இத்தனைக்கும் வேர் எது என்றும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். "கருத்து இல்லாத மனுஷனே உலகத்துல கிடையாது. இங்க அதை வெளிய சொல்ல மாட்டாங்க. அதான் இந்த நாட்டு வியாதி."

கூட்டத்தில் அவள் இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினால், ஆண்கள் பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். பெண்கள் டீக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள். மறுநாள் காலை அவள் வாசலில் ஒரு கட்டு வெங்காயத்தாளோ இரண்டு முள்ளங்கியோ இருக்கும். யார் வைத்தது என்று பெயர் இருக்காது. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ராட்காவுக்கு விளங்கியது, அவை நன்றிக்கடன் என்று. அதற்கப்புறம் ஜனங்கள் முன்கூட்டியே வர ஆரம்பித்தார்கள். எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். "சில பேருக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கலாம்போலத் தோணுது" என்று காற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். வெளிநாட்டுக்காரி சொன்னால் குற்றமில்லை, அவளுக்கு நம் வழக்கம் தெரியாது, பாவம் என்று மன்னித்துவிடலாம். எங்கள் குழுவில் பூனைக்கு மணி கட்டும் வேலை மொத்தத்தையும் இப்படித்தான் அவள் தலையில் கட்டினோம். அவளும் வாய்க்குக் கிடைத்த வேலை என்று சந்தோஷமாகவே செய்தாள்.

இந்த மார்ச்சில்தான் வந்தது வினை.

எங்கள் குழுவுக்கு வருடம் ஒரு தலைவர், வீட்டு வரிசைப்படி. யாருக்கும் வேண்டாத வேலை அது. குப்பை மேட்டில் காக்கை கிளறாமல் வலை விரிக்க வேண்டும், அறிவிப்புத் தாளை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும், பனி கொட்டினால் விடியும் முன்னே மண்வெட்டியோடு முதல் ஆளாகத் தெருவில் நிற்க வேண்டும். முறை வந்தவர் பெருமூச்சு விடுவார், மற்றவர்கள் அனுதாபப்படுவார்கள். இந்த வருடம் எட்டாம் வீட்டு நொஜிமா, ஓய்வுபெற்ற தபால்காரர், தலைவராக இருந்தார். அடுத்தது ஒன்பது. ஆனால் சுற்றுக்கு வந்த தாளில் இப்படி இருந்தது: 'அடுத்த தலைவர், பத்தாம் வீடு, திரு ஒதாகிரி.'

ராட்கா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். பத்து வருடத்துக்கு முன்னாலும் இதே மாதிரி ஒன்பதைத் தாண்டிப் போனார்கள். மறந்திருப்பார்கள் என்று அப்போது விட்டுவிட்டாள். அதற்கும் பத்து வருடம் முன்னால், வந்த புதிதில், முறை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது மூன்றாம் தடவை. தாளைக் கையில் பிடித்தபடியே நொஜிமாவின் வாசலுக்குப் போய் நின்றாள். கோபத்திலும் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' மட்டும் விடுபடவில்லை.

"நொஜிமா-சான், எட்டுக்கு அப்புறம் உங்க ஊர்ல பத்தா?"

நொஜிமா மூச்சை இழுத்தார். "அது வந்து... ரொம்ப நாளா அப்படியே..."

"யாரு அப்படிச் சொன்னது?"

"யாருன்னு இல்ல. போன தடவை எப்படியோ அப்படியே. உங்களுக்கு வீண் தொந்தரவு வேணாம்னு..."

"எல்லாரையும் தொந்தரவு பண்றீங்கல்ல? என்னை மட்டும் ஏன் பண்ண மாட்டேங்கறீங்க?"

நொஜிமாவின் பார்வை எதிர்ப்பக்கம் போனது. அங்கே கிமிஹிரோ குளிர்காலத்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். உடனே பார்வையைத் திருப்பி வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் ராட்கா பொரிந்து தள்ளினாள். "இருபத்திரண்டு வருஷம்! பனி அள்ளினேன், சாக்கடை வாரினேன், இந்த ஜனங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் நான் விருந்தாளி! விருந்தாளியைத்தான் வேலை செய்ய விட மாட்டாங்க."

கிமிஹிரோ மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல நான் வாயே திறக்கப் போறதில்ல. யார் என்ன சொல்லச் சொன்னாலும் சரி. என் முறையைப் பத்தி அவங்களா ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் பாக்கலாம்."

"உன்னால முடியுமா?" என்றான் கிமிஹிரோ.

"வயிறு வெடிச்சாலும் முடியும்."

அவள் சபதம் ஊருக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை குப்பை மேட்டருகே குசகாபே அம்மா ஒதுங்கி நின்றார். விதவை, மூன்றாம் வீடு. "காலையில ஆறரைக்கு ஒலிபெருக்கியில உடற்பயிற்சி போடறாங்களே, உடம்புக்கு நல்லதுதான். ஆனா சில பேருக்குத் தூக்கம்னு ஒண்ணு இருக்கலாம்போல..." வியாழக்கிழமை எண்பத்தோரு வயது ஒதாகிரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "தலைவர் வேலையெல்லாம் பெரிய கௌரவம். பனி அள்றதுன்னா, எண்பது தாண்டினவங்களுக்குச் சரிப்படுமான்னு யாராவது நினைக்கலாமோ என்னவோ." ராட்கா இரண்டு பேருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று நினைத்து அவர்கள் நிம்மதியாகப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் கூட்டம். குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றித் தரையில் சின்ன மெத்தைகள் போட்டு வீட்டுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தோம். நொஜிமா அறிக்கை வாசித்தார். காக்கை வலை, போன வருடம் போலவே. சாக்கடை, போன வருடம் போலவே. ஒலிபெருக்கி, போன வருடம் போலவே.

"ஏதாவது கருத்து உண்டா?"

இருபது தலை ராட்கா பக்கம் திரும்பியது. ராட்கா சுவரில் மாட்டிய தீயணைக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குசகாபே அம்மா இருமினார். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக இருமினார். அந்த ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்ல ராட்காவிடம் சொந்தச் சரக்கே மூட்டை மூட்டையாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்ததை எச்சிலோடு முழுங்கினாள். காது மடல் சிவந்துவிட்டது. அவள் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நொஜிமா குரலைத் தணித்துக் கேட்டார். "ராட்கா-சான், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கேன். எனக்குக் கருத்து ஒண்ணும் இல்ல."

கூடத்தில் ஒரு சலசலப்பு. வெயில் காலத்தில் பனி பெய்கிறது என்று சொல்லியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டோம். நொஜிமா தாளைப் புரட்டினார்.

"அப்போ கடைசி விஷயம். அடுத்த தலைவர், பத்தாம் வீடு ஒதாகிரி-சான். ஆட்சேபனை இல்லன்னா எல்லாரும் கைதட்டி..."

ஒருவரும் தட்டவில்லை. தட்டினால் கிழவரின் இடுப்பு போய்விடும். தட்டாவிட்டால் ஆட்சேபனை இருப்பதாக ஆகிவிடும், ஆட்சேபனை இருந்தால் யாராவது அதைச் சொல்லியாக வேண்டும். இருபது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு விழித்தோம். ஒதாகிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ராட்காவின் பக்கத்து மெத்தை அசைந்தது. கிமிஹிரோ எழுந்து நின்றான். இத்தனை வருடக் கூட்டத்தில் மெத்தைகளை அடுக்குவதைத் தவிர அவன் வேறெதற்கும் எழுந்ததில்லை. எழுந்தவன் தலை தொடையைத் தொடுமளவு குனிந்தான், நிமிரவே இல்லை.

"எல்லாரும் மன்னிக்கணும். ஒன்பதாம் வீட்டை விட்டுடச் சொன்னது நான்தான்."

ராட்கா தீயணைக்கும் கருவியிலிருந்து மெதுவாகக் கண்ணை எடுத்தாள்.

"இருபது வருஷம் முன்னாடி, அப்போ இருந்த தலைவர்கிட்ட பலகாரப் பெட்டியோட போனேன். இந்த ஒரு தடவை மட்டும் எங்க வீட்டை விட்டுடுங்கன்னு கேட்டேன். அவர் நோட்டுல எழுதிக்கிட்டார். அதையே பார்த்துப் பார்த்து எல்லாரும் எழுதிக்கிட்டு வந்திருக்காங்க. இவங்க யார் மேலயும் தப்பில்ல. ராட்கா, என் மானம் போயிடக்கூடாதுன்னுதான் யாரும் உன்கிட்ட சொல்லல."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஆமாம், எங்களுக்குத் தெரியும்.

"ஏன்?" என்றாள் ராட்கா. அவள் பேசியதிலேயே சின்ன வார்த்தை அதுதான்.

கிமிஹிரோ நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "அந்த வருஷம் நீ தினமும் குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவ. எனக்குக் கேக்கும். பயணப் பெட்டியை எடுத்து அலமாரி மேல இருந்து கட்டிலுக்குக் கீழ மாத்தி வச்சிருந்த. இந்தக் குப்பைப் பஞ்சாயத்து, பனி, எல்லாத்தையும் உன் தலையில போட்டா ஊருக்குப் போயிடுவன்னு பயந்தேன். அதான்."

ராட்காவின் முகத்தில் கோபம் இருந்தது, அது போகவில்லை. கண் மட்டும் கலங்கியது. வெளிநாட்டுக்காரி என்று ஒதுக்கிவிட்டார்கள் என ஊர் மேல் அவள் எழுதி வைத்திருந்த குற்றப்பத்திரிகை முழுவதும் இப்போது சொந்த வீட்டு முகவரிக்குத் திரும்பி வந்து நின்றது.

"அது அப்போ. அப்புறம் ஏன் சொல்லல? இருபத்திரண்டு வருஷம்! ஒரு நாள், ஒரு சாப்பாட்டு வேளை கிடைக்கலையா உனக்கு?"

கிமிஹிரோ யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"நீ பேசிக்கிட்டே இருந்த" என்றான்.

முதலில் சிரித்தது குசகாபே அம்மாதான். வாயைக் கையால் பொத்தினார், முடியவில்லை. ஒதாகிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்டதே இல்லை. ராட்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். திறந்த வாயை ஒன்றும் சொல்லாமலே மூடிக்கொண்டாள். சபதம் 'ஏன்' என்று கேட்டபோதே முடிந்திருந்தது, இந்த மௌனம் வேறு.

"அப்படின்னா..." என்று இழுத்த நொஜிமா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தார். "அடுத்த தலைவர் ஒன்பதாம் வீட்டு ராட்கா-சான். உங்களைத் தொந்தரவு பண்றோம், மன்னிச்சுக்குங்க."

கைதட்டல் ஜன்னலை அதிர வைத்தது. ஒதாகிரிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

நொஜிமா நோட்டை இரு கையாலும் நீட்டினார். ராட்கா இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். கூடத்திலிருந்து ஒன்பதாம் வீட்டுக்கு நாலு நிமிஷ நடை. அன்று அவர்கள் வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓரத்தில் அழுக்கேறிக் கிடந்த பனியை ஒட்டி இரண்டு பேரும் நடந்தார்கள், நின்றார்கள், ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி மறுபடி நடந்தார்கள். வழியெல்லாம் கிமிஹிரோ பேசிக்கொண்டே வந்தான். ராட்கா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே போனாள்.